கண்ணாடி அலமாரியில் மூன்று குழாய்கள்

1

எங்கள் சமையலறைக் குழாய் பெருநாள் கழிந்ததிலிருந்து ஒழுகிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஒரு சொட்டு விழும். நின்றுவிட்டது என்று நினைக்கும்போது இன்னொரு சொட்டு விழும். வாஷரை மாற்றினேன். கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்து, உள்ளே தேய்ந்துபோயிருக்கிறது, புதிதுதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நல்ல குழாய் எங்கே வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இங்கிலாந்தின் வடக்கே, ஷெஃபீல்டு போன்ற ஊரில் குழாய்க்கா பஞ்சம்? ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கடை இருக்கிறது. கடை என்று சொல்லக்கூடாது, நம் ஊர் லாரி ஷெட் நாலைந்தைச் சேர்த்துக் கூரை போட்டது போன்ற கொட்டகை. அங்கே ஒரு சுவர் முழுக்கக் குழாய்தான். பள்ளத்தில், ஆற்றோரமாக, குழாய் வேலைக்காரர்களுக்கென்றே ஒரு பழைய கடை இருக்கிறது. அங்கே சாமான் எதுவும் கண்ணில் படாது, கவுண்டரில் நின்று வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இன்னொரு கடையில் தடித்த புத்தகத்தில் படம் பார்த்து, அதன் எண்ணைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் உள்ளேயிருந்து பெட்டி வரும்.

மூன்றுக்கும் போய் வெறுங்கையோடு திரும்பியாயிற்று. கவுண்டர்க் கடையில் என் முறை வந்தபோது, ‘டேப்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ஊர்ப் பழக்கத்தில், ‘சமையலறைக்கு ஒரு பைப் வேண்டும்’ என்று கேட்டுத் தொலைத்தேன். இருபது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தும், நகராட்சி அலுவலகத்தில் இங்கிலீஷை வைத்தே பிழைப்பு நடத்தியும், பதற்றத்தில் நாக்கு ஏற்காட்டுக்குப் போய்விடுகிறது. விற்பனையாளர் மரியாதையாக உள்ளே போய் ஆள் உயரக் கழிவுநீர்க் குழாய் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“ஏனுங்க, என்னப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நீங்க இத்தன யோசிக்கலீங்க” என்றாள் என் மனைவி மும்தாஜ். அவள் சேலத்துக்காரி. இத்தனை வருஷக் குளிரிலும் அவளுடைய ‘ங்க’ மட்டும் உறையவில்லை. பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். “பின்னாடி ஷெட்டுல பெட்டியோட ஒரு குழாய் கெடக்குதே. புத்தம்புதுசு. அத எடுத்து மாட்டுனா என்னங்க?”

இது அம்மா இறந்த நாளுக்கு ஆண்டு பாத்திஹா ஓதும் மாதம். அந்தப் பெட்டியின் கதையைச் சொல்வதானால் இப்போதுதான் சொல்ல வேண்டும்.

2

அம்மா ஏற்காட்டில் தனியாக இருந்தாள்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்கு மிளகு, ஆரஞ்சு, காப்பிக்கொட்டை வியாபாரம். தலைச்சோலை, கரடியூர்ப் பக்கத்து விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள், அத்தா அதைச் சேலத்துக்கு அனுப்புவார். கடைவீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் இணைப்பு வந்த வருஷம், அத்தா மாடியில் ஒரு தொட்டி கட்டி, சமையலறைச் சுவரில் ஒரு பித்தளைக் குழாய் வைத்தார். அதுவரைக்கும் தெருவில் குடத்தோடு நின்றவள் அம்மா. குழாய் வந்த அன்று பக்கத்து வீட்டுப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுத் திறந்து காட்டினாள் என்று சொல்வார்கள். நான் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன்.

நாங்கள் மூன்று பேர், மூவரும் ஆண்கள். மூத்தவர் ஜாபர் அண்ணன் துபாய்க்குப் போனார். நடுவில் நான், இங்கே வந்தேன். கடைசித் தம்பி சலீம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சேர்ந்தான். அத்தா இருந்தவரை இது பெருமையாகத்தான் இருந்தது. எண்பதுகளின் நடுவில் அத்தா இறந்தார். மூவரும் வந்தோம். நாற்பதாம் நாள் முடிந்ததும் ஜாபர் அண்ணன் போனார், அடுத்து நான், பிறகு சலீம். எங்களோடு வந்துவிடச் சொல்லி ஆளுக்கொரு நாள் பேசிப் பார்த்தோம்.

“எங்கூட்ட உட்டுப்போட்டு நா எங்க கண்ணு வர்றது” என்றாள் அம்மா. “நீங்கதான் வருவீங்கல்ல.”

சரி, மூன்று மாதமாவது வந்து இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு முறை விசாவுக்கு எழுதினேன். ரேஷன் கார்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், இரண்டும் ஒருத்திதான் என்று நோட்டரியிடம் சத்தியம் செய்து ஒரு தாள். எல்லாம் சேர்த்து மெட்ராஸில் நேர்காணலுக்குப் போனாள். கூடவே போன உறவுக்காரர் பிற்பாடு எனக்குச் சொன்னார். திரும்பி வருவதற்கு இந்த நாட்டில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

“ஊடு இருக்குதுங்க” என்றாளாம் அம்மா.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்.

“இப்ப யாருமில்லீங்க. நாந்தானுங்க.”

விசா கிடைக்கவில்லை. திரும்பி வருவார் என்பதற்குப் போதிய காரணம் இல்லையாம். சொந்தத் தங்கை வீட்டில் ஓர் இரவு தங்கினாலே தூக்கம் வராத மனுஷி அவள். எனக்கு வந்த கோபத்தில் மேல்முறையீடு என்று கொஞ்ச நாள் அலைந்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

ஆக, அம்மா வர முடியாது. நாங்கள்தான் போக வேண்டும். போகவில்லை. ஜாபர் அண்ணனுக்கு லீவு இல்லை. சலீமுக்குக் குழந்தை பிறந்தது. எனக்கு வீட்டுக் கடன், மும்தாஜின் வேலை, மகள் ரெஹானாவின் பள்ளிக்கூடம். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போயிற்று.

3

ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். அத்தாவின் வியாபாரத்துக்காக வாங்கிய கறுப்புப் போன் வீட்டில் இருந்தது. நலமா, மழையா, மாத்திரை போட்டாயா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ரெஹானாவிடம் கொடுத்தால் அவளுக்குத் தெரிந்த மூன்று தமிழ் வாக்கியங்களைச் சொல்லிவிட்டுப் போனை என்னிடமே நீட்டுவாள்.

ஒரு ஞாயிறு அம்மா சொன்னாள், சமையலறைக் குழாய் ஒழுகுகிறதென்று.

“ரொம்ப ஒழுகுதாம்மா?”

“நொம்பெல்லாம் இல்ல கண்ணு. கொஞ்சந்தான்.”

வாஷரை மாற்றச் சொன்னேன். மாற்றியாயிற்றாம். அப்படியானால் காதர் மாமு கடையில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டச் சொல் என்றேன். காதர் மாமு அத்தாவின் கூட்டாளி. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆணி, தாழ்ப்பாள், குழாய் விற்கும் கடை வைத்திருந்தார்.

“காதரு கடையில இருக்கறதெல்லாம் தகரமாட்டம் இருக்குது” என்றாள் அம்மா. “ஆறு மாசம் தாங்காது. நீங்க பாத்து நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுங்க கண்ணு.”

அவ்வளவுதான், எங்களுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அம்மா இதையே மற்ற இருவரிடமும் சொல்லியிருக்கிறாள். அத்தா இறந்தபிறகு பெருநாள் வாழ்த்துக்குக்கூட ஒருவரையொருவர் கூப்பிடாத அண்ணன் தம்பிகள், குழாயைப் பற்றிப் பேச வாராவாரம் போன் செய்தோம். இத்தாலியில் செய்தது துபாயில் கிடைக்கிறது, அதற்கு ஈடு கிடையாது என்றார் ஜாபர் அண்ணன். ஜப்பான்காரன் சாமானை விட்டுவிட்டு இத்தாலிக்காரன் சாமானை எவன் வாங்குவான் என்றான் சலீம். குழாயை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்ததே இங்கிலீஷ்காரன்தான் என்று நான் சொன்னேன். அதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. எதற்கு இந்தச் சண்டை, கோயம்புத்தூரில் நல்ல வார்ப்படம் கிடைக்கும், நண்பனை விட்டு வாங்கச் சொல்லலாம் என்று சலீமே இடையில் ஒரு முறை சமாதானம் பேசினான். ஊர்ச் சாமானா என்று நானும் அண்ணனும் ஒரே குரலில் மறுத்துவிட்டோம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தோம்.

ரெஹானாவுக்கு அப்போது பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்கும். பாட்டியை அவள் நன்னிமா என்பாள். ஒரு நாள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு இங்கிலீஷில் கேட்டாள், “நன்னிமா ஊரில் கடையே கிடையாதா?”

“கடை இருக்கு. நல்ல சாமான் இருக்காது” என்றேன்.

“அப்படியென்றால் அந்த ஊரில் மற்றவர்கள் எல்லாம் என்ன செய்கிறார்கள்?”

போய்ப் பாடத்தைப் படி என்று விரட்டினேன்.

4

கடைசியில் மூவரும் ஆளுக்கொன்று வாங்கினோம்.

நான் வாங்கியது கனமான குழாய். வெந்நீருக்கு ஒரு திருகு, தண்ணீருக்கு ஒரு திருகு, நடுவில் கொக்குக் கழுத்துபோல் வளைந்த மூக்கு. ஏற்காட்டு வீட்டில் வெந்நீர் அடுப்பில்தான் வரும், குழாயில் வராது என்பது எனக்குத் தெரியாததல்ல. கடையில் நிற்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. என்னோடு வேலை செய்த ஒருவரின் தம்பி ஊருக்குப் போனார், அவரிடம் கொடுத்தனுப்பினேன். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, ஒற்றைக் குழாயை எதற்கு ஒருவன் இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று சந்தேகப்பட்டிருக்கிறார். தங்கத்தை எப்படியெல்லாமோ கடத்திய காலம் அது, அவரைக் குறை சொல்ல முடியாது. அரத்தால் அடிப்பாகத்தில் ஒரு பக்கமாக ராவிப் பார்த்துவிட்டு, வெறும் பித்தளைதான் என்று தெரிந்ததும் கொடுத்துவிட்டார். பளபளப்புக்கு நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சளாக ஒரு ராவல் விழுந்துவிட்டது.

அடுத்தடுத்து மற்ற இரண்டும் போய்ச் சேர்ந்தன. அம்மா சந்தோஷமாகத்தான் பேசினாள்.

“நொம்ப நல்லாருக்குது கண்ணு. மூஞ்சி பாத்துக்கலாமாட்டம் இருக்குது.”

“மாட்டியாச்சா?”

“மழ உடட்டும் கண்ணு. ஆள் வரோணுமல்ல.”

மழை விட்டது. அடுத்து நோன்பு வந்தது. நோன்பு முடிந்ததும் கொத்தனாருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. ஒவ்வொரு ஞாயிறும் நான் கேட்பேன், ஒழுகுவது நின்றதா என்று. கொஞ்சந்தான் ஒழுகுது என்பாள். என்னுடையதை மாட்டாததற்கு ஜாபர் அண்ணனின் இத்தாலிக் குழாய்தான் காரணமாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அண்ணன் என்னுடையதைக் காரணமாக நினைத்திருப்பார்.

5

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருவழியாக நானும் ரெஹானாவும் புறப்பட்டோம். மும்தாஜுக்கு லீவு கிடைக்கவில்லை. சேலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ரெஹானா என் தோளில் சாய்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பஸ் நிலையத்தில் அம்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். முந்தின பஸ்ஸுக்கே வந்துவிட்டாளாம், அதற்கும் முந்தின பஸ்ஸுக்கா என்று நான் கேட்கவில்லை. இளைத்துப் போயிருந்தாள். ரெஹானாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, “சாமி, எத்தன ஒசரமாயிட்ட” என்றாள். தன் மூன்று வாக்கியங்களில் எதைச் சொல்வது என்று தெரியாமல் ரெஹானா விழித்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனேன். சுவரில் அத்தா வைத்த அதே பித்தளைக் குழாய். மூக்கில் அத்தாவின் பழைய வேட்டித் துணி இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தது. துணியின் நுனியில் நீர் சேர்ந்து கீழே வைத்திருந்த குண்டாவில் விழுந்தது. குண்டா முக்கால் நிறைந்திருந்தது.

“நாங்க அனுப்புனதெல்லாம் எங்கம்மா?”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு அழைத்துப் போனாள். எங்கள் மக்களின் வீடுகளில் வெளிநாட்டுச் சாமானுக்கென்றே ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். பிள்ளைகள் அனுப்பும் எதையும் எடுத்துப் புழங்கமாட்டார்கள். டீ செட் உடைந்துபோகும், செண்டு தீர்ந்துபோகும், டார்ச் விளக்கு கெட்டுப்போகும். அதனால் எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கி வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். எங்கள் வீட்டு அலமாரியிலும் பிரிக்காத டீ செட்டும் செண்டுப் புட்டிகளும் இருந்தன. அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நடுத்தட்டில், மடித்த ஜரிகைத் துணியின்மேல் மூன்று குழாய்களை வரிசையாக வைத்திருந்தாள். வயது வரிசையில். முதலில் துபாய், அடுத்து என்னுடையது, கடைசியில் சிங்கப்பூர்.

“கரடியூர்லருந்து முந்தி மொளகு கொண்டாந்தவங்க பாத்துப்போட்டு அசந்து போயிட்டாங்க” என்றாள். “இது பெரியவன், இது நடு மவன், இது சின்னவன்னு சொன்னேன்.”

என்னுடையதன் ராவல் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. தெரியாமல் இருக்கட்டும் என்று அவளே அப்படித் திருப்பி வைத்திருக்க வேண்டும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை பேச்சு, இத்தனை அலைச்சல், கடைசியில் வேட்டித் துணி. போவதற்குள் இந்தக் குழாயைச் சரி செய்துவிட்டுத்தான் போவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

6

எங்கள் மூன்றில் எதுவும் அந்தச் சுவருக்குப் பொருந்தாது என்பது எடுத்துப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூன்றுமே மேடையில் துளை போட்டு நிறுத்தி வைக்கும் வகை. புதிதாகத்தான் வாங்க வேண்டும். எங்கே வாங்குவது என்றதும் அம்மாவுக்கு எங்கிருந்தோ தெம்பு வந்தது.

“சேலத்துல போயிப் பாக்கலாங் கண்ணு. நாலு கட ஏறி எறங்குனாத்தான நல்லது கெட்டது தெரியும்.”

மறுநாள் அம்மா, ரெஹானா, நான் மூவரும் பஸ்ஸில் மலையிறங்கினோம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். கண்டக்டர் கேட்காமலே, மகன் சீமையிலிருந்து வந்திருக்கிறான், குழாய் வாங்கப் போகிறோம் என்று சொன்னாள். சேலம் கடைவீதியில் முதல் கடையில் நாலு குழாயை எடுத்துப் போட்டார்கள். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள், திருகிப் பார்த்தாள், காதருகே கொண்டுபோய்ச் சத்தம் பார்த்தாள். வேண்டாம் என்றாள். இரண்டாவது கடையில் கரகரங்குது என்றாள். மூன்றாவது கடையில் கனம் போதாது என்றாள்.

“ஏனுங்கம்மா, இதுக்கு மேல கனம் வேணும்னா நீங்க அம்மிக்கல்லத்தானுங்க வாங்கோணும்” என்றார் கடைக்காரர்.

அம்மா துப்பட்டியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ரெஹானா என்ன என்று கேட்டாள், நான் சொன்னதும் அவளும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நாலைந்து கடை ஏறி இறங்கியபின் ஓட்டலில் சாப்பிட்டோம். ரெஹானாவுக்கு அம்மா வளையல் வாங்கினாள், அவள் கையைத் தன் மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். சாயங்காலம் குழாய் இல்லாமல் மலையேறினோம்.

“நாளைக்கு இன்னொருக்காப் போலாம்” என்றாள் அம்மா, பஸ் வளைவில் திரும்பும்போது. “அந்தக் கடக்கோடியில ஒரு கட உட்டுப்போச்சு.”

போனோம். அன்றைக்கும் எதுவும் பிடிக்கவில்லை. மூன்றாம் நாளும் போகலாம் என்றபோது, எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஒரு வேலையும் இல்லை. அம்மா வற்புறுத்தவில்லை, துப்பட்டியை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

7

அன்று நேராகக் காதர் மாமு கடைக்குப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீக்குச் சொல்லியனுப்பினார். விஷயத்தைச் சொன்னேன்.

“தெரியுமுங்க தம்பி” என்றார். “மூணு வாட்டி புதுக் குழாயும் ரிஞ்சுமா நானே உங்கூட்டுக்குப் போனேனுங்க. காசு வேண்டாம்மான்னேன். உள்ளயே உடலீங்க. பசங்க வந்து மாட்டுவாங்க, நீ எடுத்துட்டுப் போ காதருன்னு சொல்லிப்போட்டாங்க.”

“உங்க கடைச் சாமான் ஆறு மாசம் தாங்காதுன்னாங்களே மாமு.”

அவர் கோபப்படவில்லை. “அத்தா இருந்தப்ப மாட்டுனதும் இந்தக் கடைக் குழாய்தானுங்க. அத்தன வருசம் ஒழைச்சுதில்லீங்களா. அம்மாளுக்குத் தெரியாதுங்களா?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் அலமாரியில் எதையோ தேடினார். “வயசான காலத்துல தனியாக் கெடக்கறாங்க. நா போனா டீ குடுப்பாங்க, உங்க மூணு பேரு பேச்சாத்தான் இருக்கும். அவ்வளவுதானுங்க.”

தேடி எடுத்த குழாயை என் கையில் வைத்தார். சாதாரணப் பித்தளைக் குழாய், கனமாகத்தான் இருந்தது. சணல் நாரும் ஒரு டப்பியில் வெள்ளைப் பூச்சும் கொடுத்தார், குழாயைத் திருகும் ரிஞ்சை இரவல் கொடுத்தார். ஆள் அனுப்பட்டுமா என்றார். வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து தொட்டியின் வால்வை மூடினேன். வேட்டித் துணியை அவிழ்த்தேன். பழைய குழாய் அசைய மறுத்தது, பிறகு ஒரு முறுக்கில் இளகியது. புதிய குழாயின் மரையில் சணலைச் சுற்றி, பூச்சைத் தடவி, இறுக்கினேன். ரெஹானா விளக்கைப் பிடித்துக்கொண்டாள். அம்மா வாசற்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வால்வைத் திறந்துவிட்டு வந்து குழாயைத் திருகினேன். தண்ணீர் கொட்டியது. மூடினேன். நின்றது. விரலை அடியில் வைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. எனக்குச் சின்னப் பிள்ளைபோல் சந்தோஷமாக இருந்தது.

“இப்பத் தெறந்து பாரும்மா.”

அம்மா வந்து திறந்தாள், மூடினாள். கொஞ்ச நேரம் அதன் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொட்டு விழவில்லை. குனிந்து, கீழே இருந்த குண்டாவை எடுத்து, அதிலிருந்த தண்ணீரைப் பக்கத்து வாளியில் கவிழ்த்தாள். அதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“நல்லாத்தான் இருக்குது.” அப்புறம், கடையில் விலை கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டாள். “இனி எதச் சொல்லிக் கண்ணு உங்களயெல்லாம் வரச் சொல்றது?”

அழவில்லை. என்னைக் குத்திக்காட்டவும் இல்லை. உண்மையாகவே அவளுக்கு அது தெரியவில்லை, அதனால் கேட்டாள். ரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“நன்னிமா என்ன சொன்னார்கள்?” என்றாள் ரெஹானா இங்கிலீஷில்.

“குழாய் நல்லா இருக்காம்” என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

8

அந்தக் குழாய் அதற்குப் பிறகு ஒழுகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்பேன்.

“ஒரு சொட்டு ஒழுகறதில்ல கண்ணு” என்பாள் அம்மா. அதற்குமேல் இருவருக்கும் பேச எதுவும் இருக்காது. அண்ணனும் தம்பியும் எனக்குப் போன் செய்வதும் குறைந்து, நின்றுவிட்டது. கூடிய சீக்கிரம் மறுபடி போக வேண்டும் என்று மும்தாஜிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மா உயிரோடு இருக்கும்போது எங்கள் மூவரில் யாரும் மறுபடி போகவில்லை.

அவள் இறந்தபோது அடக்கத்துக்கும் எங்களால் போய்ச் சேர முடியவில்லை. காதர் மாமுதான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். நாங்கள் மூவரும் வந்து சேர்ந்தபோது வீட்டில் சாம்பிராணி வாசம் மட்டும்தான் இருந்தது. சமையலறைக்குப் போய் அந்தக் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். பின்னாலேயே ஜாபர் அண்ணன் வந்து கழுவினார், அடுத்து சலீம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க அது ஒரு வழியாக இருந்தது. வீட்டை விற்பது என்று முடிவான பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்தோம். டீ செட்டைக் காதர் மாமு வீட்டுக்குக் கொடுத்தோம். குழாய்களை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. அவரவர் அனுப்பியதை, அம்மா எடுத்து வைத்திருந்த பெட்டியோடு, அவரவர் எடுத்துக்கொண்டோம்.

அதுதான் ஷெட்டில் கிடக்கிறது. இந்த ஊர்ச் சமையலறைக்கென்றே செய்த குழாய். எங்கள் மேடைத் துளையில் கச்சிதமாக உட்காரும் என்பது மும்தாஜுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ரெஹானா படிப்பை முடித்து ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறாள். ரயிலில் ஏறினால் அரை நாளில் வந்துவிடலாம். அவளுக்கும் நியாயமான காரணங்கள் இருக்கின்றன, நான் அவற்றை ஒவ்வொன்றாக அறிவேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள். நலமா, குளிரா, மாத்திரை போட்டீர்களா. எல்லாம் இங்கிலீஷில்தான். போன வாரமும் அப்படித்தான் பேசி முடிக்கப் போனாள். நான் போனை வைக்கவிடாமல், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றேன்.

கொட்டகைக் கடைக்குப் போங்கள் டாட், அங்கே எல்லாம் இருக்கும் என்றாள். போய்ப் பார்த்துவிட்டேன், ஒன்றும் சரியில்லை என்றேன். அந்தப் புத்தகக் கடை? அதுவும் சரியில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஷெட்டில் ஒன்று இருக்கிறதே, அரத்தால் ராவியது” என்றாள்.

“அது நல்லதான்னு எனக்குத் தெரியல” என்றேன். “நீ வந்து பாத்துச் சொல்லு.”

பிறகு தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, அவள் கேட்டாள்.

“ரொம்ப ஒழுகுதா, அத்தா?”

“நொம்பெல்லாம் இல்ல கண்ணு” என்றேன். “கொஞ்சந்தான்.”